சிவப்பு பாட்டிலுக்கு நீல மூடி

மாதிரிகள் வாங்கும் கவுண்டரின் ஓரத்தில், நீல மூடி போட்ட ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் இருப்பதைப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமைகளில் அதற்கு யாரோ சாமந்திப் பூ வைக்கிறார்கள். போன மாதம் என் ஓய்வூதியக் காகிதத்தில் ஒரு கையெழுத்துக்காக வந்திருந்தபோது, உங்களில் ஒரு பெண் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தேன். அம்மா, அது சாமி இல்லை. அது எனக்கு வைத்த சிலை.

புதியவர்களுக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று நிர்வாகம் கேட்டது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவனைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள் என்றால், சாதனைகளைக் கேட்கவில்லை என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. கருவியை ஓட்ட, அளவு எடுக்க, அறிக்கை எழுத உங்களுக்குச் சொல்லித்தர நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எப்படிப் பதறக் கூடாது என்பதற்கு மட்டும் இந்த ஆய்வகத்தில் என்னைவிடத் தகுதியானவர் இல்லை. அதனால் அந்த பாட்டிலின் கதையைச் சொல்கிறேன்.

முதலில் மூடி விஷயம். நம் பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி; மூடிதான் வேறு. சிவப்பு மூடி உலோகம் பார்க்க. உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதில் முன்கூட்டியே கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு வைத்திருப்போம். நீல மூடி நைட்ரேட் பார்க்க. அதில் ஒன்றும் இருக்காது. ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் போதும். நைட்ரேட் மாதிரி நீல மூடி இல்லாமல் வந்தால் கவுண்டரில் வாங்க மாட்டார்கள். முதலாளியே இரண்டு கையாலும் ஏந்தி வந்தாலும் வாங்க மாட்டார்கள். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். அந்தக் காலத்தில் அதற்காக எனக்கு ஒரு சால்வைகூடப் போட்டார்கள்.

ஐதராபாத்தில் நம் குஷாய்குடா ஆய்வகத்துக்குப் பெரும்பாலும் வருவது ஜீடிமெட்லா பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவுநீர். நிறம், மணம், குணம் எல்லாம் உள்ள தண்ணீர். நடுவில் எப்போதாவது மலைக் காட்டு ஓடைத் தண்ணீர் வரும். அது வந்தால் எங்களுக்கு விடுமுறை மாதிரி. மூக்கைப் பொத்த வேண்டாம், முகமூடி வேண்டாம், எண் எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு ஓடை, கிழக்குத் தொடர்ச்சி மலையில். ஊர்ப் பெயர் வேண்டாம். மேலே மனித நடமாட்டம் இல்லாத அடர்ந்த காடு. நடுவில் மலைவாசிக் குடும்பங்களின் காபித் தோட்டங்கள். கீழே ஒரு பள்ளி விடுதி. அங்கே பிள்ளைகள் குடிப்பது அந்த ஓடையைத்தான். முந்தின வருடம் ஓடையில் நைட்ரேட் லேசாகத் தலைதூக்கியிருந்தது. தோட்டக்காரர்கள் யூரியா போடுகிறார்களோ என்று வன அதிகாரிக்குச் சந்தேகம். அந்தத் தோட்டங்கள் எந்த உரமும் போடுவதில்லை என்ற நிபந்தனையின் பேரில் விடப்பட்டவை. யூரியா என்று நிரூபணமானால் தோட்டங்களை மூடிவிடலாம். தோட்டத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நம்மிடம் வந்தார்கள்.

முதல் மழை பெய்ததும் களப் பணியாளர் சீனு போய் எடுத்துவந்தான். கருவியில் ஏற்றினேன். கீழ்ப் பாயின்ட் மாதிரி வந்தபோது திரையில் கோடு மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஜீடிமெட்லாவில்கூட அப்படி ஒரு மலையை நான் பார்த்ததில்லை.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், நேற்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் தெரியும், அந்த வகுப்பை எடுத்துக்கொண்டிருந்ததே நான்தான். நான் செய்தது இதுதான்: விடுதிக் காப்பாளருக்கு போன் பண்ணிக் குழாயை மூடச் சொன்னேன். அடுத்த மூச்சில் வன அதிகாரிக்கு போன் பண்ணி, “சார், தோட்டத்துக்குக் கீழ பயங்கரமா இருக்கு, யூரியாவாத்தான் இருக்கும்” என்றேன். அவர் யூரியாவா என்று கேட்கவே இல்லை. நானாக ஒரு சேவை மனப்பான்மையில் சேர்த்துச் சொன்னேன். பிறகுதான் மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

மேடம் அப்போது ஆய்வகத் தலைவர். வயதில் என்னைவிடச் சின்னவர், பதவியில் பெரியவர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செகந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி சார்மினாரைச் சுற்றிவிட்டு வரும்; ‘எதுக்கு’ என்பது ‘கைக்கு’ ஆகும், ‘ஆமாம்’ என்பது ‘ஹவ்’ ஆகும். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

“மேடம், மலை போச்சு.”

“எங்க போச்சு?”

“நைட்ரேட் மேடம். ஜீடிமெட்லாவே தோத்துடும். ஹாஸ்டலுக்குச் சொல்லிட்டேன், அதிகாரிக்கும் சொல்லிட்டேன்.”

“எனக்கு எப்ப சொல்றதா இருந்தீங்க?”

“இதோ சொல்லிட்டிருக்கேனே.”

மேடம் டிபன் பாக்ஸை மூடினார். “கைக்கு இவ்ளோ அவசரம்?”

“பிள்ளைங்க குடிக்கிற தண்ணி மேடம்.”

“ஹவ், அது சரி. பிள்ளைங்க தண்ணிக்கு உடனே போன் பண்ணணும். அதுல தப்பு இல்ல. ஆனா தண்ணிய நிறுத்துங்கன்னு சொல்றது ஒண்ணு, யாரு தப்புன்னு சொல்றது வேற. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க. சரி, புளிப்பு பாத்தீங்களா?”

“எந்தப் புளிப்பு?”

“தண்ணியோட புளிப்பு. போய் ஒரு லிட்மஸ் பேப்பர முக்கிப் பாருங்க.”

முக்கினேன். காகிதம் குங்குமம் மாதிரி சிவந்தது. மேடம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தத் தண்ணி நெஜமாவே ஓடையில ஓடியிருந்தா, சீனு செருப்பு திரும்பி வந்திருக்காது. போன போடுங்க.”

சீனு அப்போது மாதாப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தான். தெலுங்கில்தான் பேசுவான், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

“சீனு, கீழ்ப் பாயின்ட்ல எந்த பாட்டில்ல எடுத்தே?”

“நீல மூடி அண்ணா.”

“மூடி தெரியுது. பாட்டில் எது?”

“பாட்டில் ஓடையோட போயிடுச்சு அண்ணா. மூடி மட்டும் கையில நின்னுச்சு. மிச்சம் இருந்தது ஒரு சிவப்பு மூடி பாட்டில்தான். அதுல புடிச்சு நீல மூடிய போட்டேன். நீல மூடி இல்லாம வந்தா வாங்க மாட்டாங்கன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?”

“கழுவியாவது தொலைச்சியா?”

“மருந்து ஊத்தி வெச்ச பாட்டில கழுவக் கூடாதுன்னும் நீங்கதானே சொன்னீங்க?”

நைட்ரிக் அமிலம் என்பது நைட்ரேட்டின் பிறந்த வீடு. மலைத் தண்ணீரில் நான் கண்டுபிடித்தது நம் ஸ்டோர் ரூம் அமிலத்தை. சீனு எந்த விதியையும் மீறவில்லை. என் விதிகள் இரண்டும் அந்த பாட்டிலுக்குள் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன, அவ்வளவுதான்.

உடனே அதிகாரியைக் கூப்பிட்டேன். நோட்டீஸ் போய்விட்டது என்றார். மறு உத்தரவு வரும்வரை தோட்டத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. “வாய்ல சொன்னதுக்கே நோட்டீஸ் போட்டேன். திரும்ப வாங்கணும்னா எழுத்துல குடுங்க” என்றார். நியாயமாகத்தான் சொன்னார். அவசரத்துக்கு வாய் போதும், நிதானத்துக்குத்தான் காகிதம் கேட்பார்கள்.

மேடத்திடம் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். அவர் என் தலையைப் பார்க்கவில்லை. “மேல் பாயின்ட் என்ன வந்துச்சு?” என்றார்.

“அது ஒண்ணுமில்ல மேடம். கொஞ்சம்தான்.”

“மனுஷனே இல்லாத எடத்துல அந்தக் கொஞ்சம் எங்கேருந்து வந்துச்சு?”

பெரிய எண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததில், பக்கத்தில் சின்ன எண் ஒன்று உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. அது சரியான பாட்டிலில், சரியான மூடியோடு, ஐஸில் வந்த எண்.

இந்த முறை சீனுவோடு நானே மலைக்குப் போனேன். பாட்டில் பையை நானே சுமந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. தோட்டத்து வாசலில் பையில் வளர்த்த காபிக் கன்றுகள் வரிசையாக நின்றன. அந்த மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். மழை தாண்டினால் அந்த வருடம் போனதுதான். நட ஆள் தயார், குழி தயார், நோட்டீஸ் குறுக்கே நின்றது. கன்றுகளுக்குப் பக்கத்தில் கொண்டம்மா நின்றார். தோட்டக்காரர்களுக்காகப் பேச வருபவர் அவர்தான். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார்.

“நீங்கதான் ஐதராபாத் தண்ணி ஆபீஸா?”

“ஆமாம்மா.”

“போன் பண்ணினது யாரு?”

என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது. “எங்க ஆபீஸ்ல ஒருத்தர்.”

சீனு ஒரு மரத்தை மிகுந்த ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்தான்.

“அவருக்குப் பிள்ளை குட்டி உண்டா?”

“ஒரு பொண்ணு.”

“அவருக்குச் சோறு எறங்குதா?”

“கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்.”

“யூரியா மூட்டைய இந்த ஏத்தத்துல யாரு தூக்கிட்டு வந்தாங்களாம்? அவரையே ஒரு மூட்டைய தூக்கிட்டு வந்து காட்டச் சொல்லுங்க சாரு. ஏறி முடிச்சா நான் காபி போட்டுத் தர்றேன்.”

சொல்கிறேன் என்றேன். பாட்டில் பையோடு மேலே ஏறினேன். பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, அந்தக் காபி எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தது.

மேலேயும் கீழேயும் எடுத்தோம். திரும்பும்போது விடுதிக்குப் போனேன். குழாய் மூடியதற்காகப் பிள்ளைகளுக்கு ஒருநாள் லீவு விட்டிருந்தார்கள். இந்த விவகாரத்தில் என்னை வாழ்த்தியவர்கள் அவர்கள் மட்டுமே. சமவெளியிலிருந்து டேங்கரில் போர்வெல் தண்ணீர் வந்து நின்றது. கையோடு அதிலும் ஒரு பாட்டில் பிடித்தேன்.

ஆய்வகத்தில் எண்கள் வந்தன. மேல் பாயின்டும் கீழ்ப் பாயின்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுமே குடிக்கும் வரம்புக்குள். தோட்டம் எதையும் சேர்க்கவில்லை. டேங்கர் தண்ணீரில்தான் நைட்ரேட் இரண்டையும்விட அதிகம், வரம்பையும் தாண்டியிருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்ற நான் வரவழைத்த தண்ணீர். இந்த முறை காகிதத்தை முக்கிப் பார்த்துவிட்டு, மேடத்திடம் சொல்லிவிட்டு, குழாயைத் திறக்கச் சொல்லி விடுதிக்கு போன் பண்ணினேன். யாரையும் குற்றம் சொல்லாமல் போனை வைத்தேன். கை தானாக அடுத்த எண்ணை அழுத்தப் பார்த்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

மேல் பாயின்டின் அந்தக் கொஞ்சம் மட்டும் அப்படியே இருந்தது.

மேடம் அதை எனக்குப் பந்தியை வைத்து விளக்கினார். நைட்ரஜன் மரத்துக்குச் சாப்பாடு. புகையும், வண்டியும், சமவெளி வயல்களிலிருந்து ஆவியாகக் கிளம்பும் உரமும் காற்றில் ஏறி, மலையில் மழையாக இறங்கிக் காட்டுக்கு ஓயாமல் பரிமாறுகின்றன. முதலில் காடு சந்தோஷமாகச் சாப்பிடும், பச்சையாகத் தெரியும். வயிறு நிறைந்து கையால் மறித்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இலையை விட்டு வழியும். வழியும் ரசம் சும்மா போகாது. இலையிலிருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். அதுபோல மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் கூட்டிக்கொண்டு நைட்ரேட் ஓடைக்கு வரும். மண் புளிக்கும். மரம் நின்றபடியே மெலியும்.

“அப்ப காடு நெறஞ்சுடுச்சா மேடம்?” என்றேன். என் குரல் மறுபடியும் போன் பக்கம் போக ஆரம்பித்திருந்தது.

“தெரியாது. கோடை பூரா மண்ணுல சேந்தத முதல் மழை அள்ளிட்டு வர்றது சகஜம். இது அதுவாவும் இருக்கலாம். மழைக்காலம் பூரா பாத்தும் எறங்கலேன்னா அப்ப பேசலாம். அது வரைக்கும் தெரியாதுன்னு சொல்ற தைரியம் வேணும்.”

முடிவைச் சொல்லக் கூட்டம் நம் ஆய்வகத்திலேயே நடந்தது. அதிகாரி வந்தார். கொண்டம்மா பஸ் ஏறி வந்து, பட்டுப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடம் என்னை வாசலில் நிறுத்தினார்.

“போன் பண்ணினது நீங்க. நீங்களே சொல்லுங்க. ஒண்ணு மட்டும். மன்னிப்ப முழுசாக் கேட்டு முடிச்சிடுங்க. அப்புறம் மூச்சு விட்டுட்டு, மேல் பாயின்ட தனியாச் சொல்லுங்க. ரெண்டையும் கலந்துட்டா மன்னிப்போட அதையும் சேத்துக் கழுவி ஊத்திடுவாங்க.”

எழுந்து நின்றேன். பாட்டில் கதையைச் சொன்னேன், சட்டம் போட்டதற்குக் கிடைத்த சால்வையிலிருந்து ஆரம்பித்து. பிழை எங்களுடையது, தோட்டங்கள் எதையும் சேர்க்கவில்லை என்றேன். அறை சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. கொண்டம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவருதானா அந்த ஆபீஸ்ல ஒருத்தர்?” என்றார் சத்தமாக.

“நான்தாம்மா.”

“மலையில சொல்லியிருந்தா ஒரு சாக்கு குடுத்திருப்பேன். நனைஞ்சுக்கிட்டே பொய் சொன்னீங்க.”

இன்னொரு சிரிப்பு. டீ வந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார். “அப்ப பிரச்சினை இல்ல. நோட்டீஸ் வாபஸ். விஷயம் முடிஞ்சுது.” எல்லோர் முகத்திலும் நிம்மதி. என் முகத்திலும்தான். உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, எனக்கு டீயும் சூடாகக் கிடைக்கும். எண்ணோ மிகச் சின்னது. நேற்று மலை போச்சு என்று கத்தியவன், இன்று மலை கொஞ்சம் போகலாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வாழ்க்கையில் முதல்முறையாகப் பதற்றம் என்னை உட்காரச் சொன்னது. அதுவரை அது என்னை ஓடத்தான் சொல்லும்.

மூச்சு விட்டேன். “சார், முடியல” என்றேன்.

டீக் கோப்பைகள் நின்றன.

மேல் பாயின்டைச் சொன்னேன். அங்கே தோட்டமில்லை, வீடில்லை, ஆடில்லை. ஆனாலும் நைட்ரேட் இருக்கிறது. காற்றிலிருந்து இறங்குவதைக் காடு வாங்க முடியாமல் திருப்பிக் கொடுக்கிறதோ என்று சந்தேகம். முதல் மழையின் வேலையாகவும் இருக்கலாம். இப்போது தெரியாது. மழைக்காலம் முழுக்க எடுத்துப் பார்க்க அனுமதி வேண்டும்.

அதிகாரி பேனாவை மூடினார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. “காத்துலேருந்து வருதுன்னா நான் யாருக்குங்க நோட்டீஸ் குடுக்கறது?”

அதற்குப் பதில் கொண்டம்மாதான் சொன்னார்.

“காத்துக்கே குடுங்க சாரு. எங்க அட்ரஸ் மட்டும் ஒரு போன்லயே கெடைச்சுதே.”

அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆறிப்போன டீயைப் பார்த்தார். பிறகு வாபஸில் கையெழுத்துப் போட்டார். மழைக்காலம் முழுக்க மாதிரி எடுக்கும் அனுமதியிலும் போட்டார். கொண்டம்மா கிளம்பிய பஸ்ஸில் வாபஸும் போனது. கன்றுகள் அந்த மழையிலேயே மண்ணில் இறங்கிவிட்டன.

மறுநாள் காலையில் கவுண்டரில் அந்த பாட்டில் இருந்தது. வைத்தவர் மேடம். பூ வைப்பது சீனு. நீல மூடிச் சட்டம் இன்னும் இருக்கிறது. கூடவே ‘பாட்டில் போனால் போகட்டும், வெறுங்கையோடு திரும்பி வா’ என்று ஒரு வரி சேர்த்தோம்.

மேல் பாயின்ட் எண் அந்த மழைக்காலம் முழுக்க இறங்கவில்லை. அடுத்த மழைக்காலத்திலும் இல்லை. நான் ஓய்வு பெற்றபோது இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அறிக்கைகள் போயிருக்கின்றன, போகவேண்டிய மேசைகளுக்கெல்லாம். அந்தத் தண்ணீர் இன்றைக்கும் குடிக்க நல்ல தண்ணீர். பார்த்தால் யாருக்கும் பயம் வராது. அதுதான் அதில் உள்ள சிரமம். பெரிய எண் வந்தால் நீங்கள் தானாகவே ஓடுவீர்கள், அதற்குப் பயிற்சி வேண்டாம். சின்ன எண்ணுக்கு முன்னால் எழுந்து நிற்கத்தான் ஆள் தேவைப்படுகிறது.

இந்த மழைக்கு உங்களில் யாரோ ஒருவர் சீனுவோடு அந்த ஓடைக்குப் போவீர்கள். தோட்டத்து வாசலில் கொண்டம்மா நிறுத்துவார். “காத்துக்கு நோட்டீஸ் போயிடுச்சா?” என்று கேட்பார். என்னை வருடாவருடம் கேட்டார். “எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பாத்துட்டிருக்காரும்மா” என்று நானும் வருடாவருடம் சொன்னேன்.

இனி அந்த ஒருத்தர் நீங்கள்தான்.